பாய்காட் என்னும் பெயரில் பையனும் இல்லை, கட்டிலும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் பெயர்க்காரணப் பத்தியில் 'பாய்காட்' என்ற ஆங்கிலக் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஜெஃப்ரி பாய்காட்டைத் தெரியும். செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் புறக்கணிப்பு என்ற பொருளில் அந்தச் சொல் தெரியும். ஆனால் பத்தியில் வந்த விளக்கம் இரண்டு இடங்களில் தவறியிருக்கிறது. 'பாய்' என்றால் பையன், 'காட்' என்றால் கட்டில், ஆகவே சிறுவர் விடுதியை ஒட்டி வாழ்ந்தவர்கள் என்பது ஒன்று. ஊரார் ஒதுக்கிவைத்த குடும்பத்துக்கு ஏற்பட்ட பெயர் என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. பாய்காட் என்பது ஓர் ஊரின் பெயர். இந்த வகைப் பெயர்களை எப்படிப் படிக்கவேண்டும், எங்கே சறுக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பத்தி தொடர்ந்து வரப்போகிறது என்பதால் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் ஊர். இங்கிலாந்தில் பாய்காட் என்ற பெயரில் குறைந்தது மூன்று இடங்கள் உண்டு. பக்கிங்காம்ஷைரில் ஸ்டோவுக்குப் பக்கத்தில் ஒன்று, ஷ்ராப்ஷைரில் பான்ட்ஸ்பரிக்கு அருகே ஒன்று, வூஸ்டர்ஷைரில் ஒன்று. மூன்றும் சிற்றூரோ பண்ணையோதான், நகரம் எதுவுமில்லை. பக்கிங்காம்ஷைர்ப் பாய்காட் 1844 வரை ஆக்ஸ்போர்டுஷைரின் துண்டு நிலமாக, நான்கு புறமும் வேறு கவுண்டி (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப்பிரிவு) சூழ்ந்திருக்க, தனியாகக் கிடந்தது. அதனால் அதன் பழைய ஆவணங்களைத் தேடுகிறவர் ஆக்ஸ்போர்டுஷைர்த் தொகுதிகளையும் புரட்டவேண்டும். அந்த ஊர் இன்று ஊராக இல்லை. ஸ்டோவ் பூங்காவில் ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்த 'பாய்காட் பெவிலியன்கள்' என்ற இரண்டு மண்டபங்களில் பெயர் மட்டும் தங்கியிருக்கிறது.

1086இல் வில்லியம் மன்னர் எடுப்பித்த டூம்ஸ்டே நிலக் கணக்கில் இந்த ஊர் 'பாய்கோட்டெ' என்று எழுதப்பட்டிருக்கிறது. பிரித்தால் இரண்டு உறுப்புகள். முன்னது 'போயா' என்ற ஆளின் பெயர். நார்மானியர் பிரான்சிலிருந்து படையெடுத்து வருவதற்கு முன் இங்கிலாந்தில் வழக்கில் இருந்த ஆண்பெயர் அது. பின்னது 'கோட்' என்ற பழைய ஆங்கிலச் சொல்: குடில், குடிசை, சில இடங்களில் ஆட்டுக்கொட்டில். ஆக ஊரின் பொருள் 'போயாவின் குடில்', அல்லது 'போயாவின் குடில்கள்'. ஒருமையா பன்மையா என்பதை அந்த எழுத்து வடிவத்தை வைத்து மட்டும் தீர்க்க முடியாது. போயா யார், எந்தக் காலத்தில் வாழ்ந்தான் என்பது எந்த ஆவணத்திலும் இல்லை. அவன் பெயரைச் சொல்லுவதற்கு மிஞ்சியது ஊர்ப்பெயர் ஒன்றுதான்.

'பையன்' என்ற விளக்கம் ஏன் நிற்காது என்றால், ஆங்கிலத்தில் 'பாய்' என்ற சொல் 13ஆம் நூற்றாண்டுக்கு முன் எழுத்தில் கிடைப்பதில்லை. கிடைக்கும்போதும் முதலில் வேலைக்காரன், கீழ்நிலை ஏவலாள் என்ற பொருளில்தான் வருகிறது. சிறுவன் என்ற பொருள் பிறகு ஏற்பட்டது. ஊர்ப்பெயரோ 1086இலேயே எழுதப்பட்டுவிட்டது. 'கட்டில்' விளக்கம் இதைவிட எளிதாக உடையும். படுக்கும் 'காட்' 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். இந்தி வடிவத்துக்குப் பின்னே இருக்கும் சமஸ்கிருதக் 'கட்வா', நம் 'கட்டில்' என்பதோடு உறவுடைய ஒரு திராவிடச் சொல்லிலிருந்து பெறப்பட்டது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். அழகான செய்திதான். ஆனால் பக்கிங்காம்ஷைரின் குடிசைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

குடில் என்றதும் ஏதோ எழிலான வீடு என்று எண்ணிவிடக்கூடாது. அந்தக் காலத்து நிலப்படிநிலையில் குடிசைவாசி கடைசிக்குச் சற்று மேலே இருந்தவன். ஏறத்தாழ 5 ஏக்கர், பல இடங்களில் அதற்கும் குறைவு, அவன் பங்கு. பெரிய ஊரிலிருந்து விலகி, ஓரத்து நிலத்தில் ஒன்றிரண்டு குடிசைகள் போட்டுத் தொடங்கிய குடியிருப்புகளுக்குத்தான் 'கோட்' ஈறு பெரும்பாலும் வரும். குதிரைப் பந்தயத்துக்குப் பெயர்போன ஆஸ்காட் 'கிழக்குக் குடில்'. டிட்காட் 'டுடாவின் குடில்'. பிரெஸ்காட் 'பாதிரிமாரின் குடில்'. கால்டிகாட் 'குளிர் குடில்'. காற்றுக்கு மறைப்பில்லாத இடம். வால்காட் 'வேற்றாரின் குடில்', அதாவது ஆங்கிலேயர் வருமுன் அங்கிருந்த பிரித்தானியரின் குடில். இவற்றில் பல குடும்பப் பெயராகவும் ஆயின.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஊர்ப்பெயரின் பொருள் வேறு, அதிலிருந்து வந்த குடும்பப் பெயரின் பொருள் வேறு. பத்திரிகைகளில் வரும் பெரும்பாலான விளக்கங்கள் இந்த இரண்டையும் குழப்பிவிடுகின்றன. 'பாய்காட் என்ற குடும்பப் பெயருக்குப் போயாவின் குடில் என்று பொருள்' என்றால் பாதிதான் சரி. குடும்பப் பெயராக நிற்கும்போது அதற்கு 'பாய்காட்டிலிருந்து வந்தவன்' என்பதற்கு மேல் பொருள் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரைச் சுமந்த ஒருவனுக்குப் போயா யாரென்றே தெரிந்திருக்காது. ஊரின் பெயர் அதற்குள் பொருள் தேய்ந்து வெறும் பெயராகிவிட்டது.

அதுமட்டுமல்ல. சாதாரணக் குடியானவனுக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்வது அவன் ஊரைவிட்டுப் போன பிறகுதான். பாய்காட்டிலேயே இருக்கிற ஜானை 'பாய்காட் ஜான்' என்று அழைத்து யாருக்கு என்ன பயன்? அங்கே எல்லோருமே பாய்காட்காரர்கள். அவன் பத்து மைல் தள்ளி ஒரு சந்தை நகரத்தில் குடியேறும்போதுதான் அந்த ஊரில் ஏற்கெனவே இருக்கும் நாலு ஜான்களிலிருந்து பிரித்துக் காட்ட அந்தப் பெயர் வேண்டியிருக்கிறது. ஆகவே ஓர் ஆவணத்தில் ஒருவர் பெயரோடு ஊர்ப்பெயர் இருந்தால், அவரோ அவர் முன்னோரோ அந்த ஊரை நீங்கியவர்கள் என்றுதான் முதலில் கொள்ளவேண்டும். எவ்வளவு தூரம்? இடைக்கால நகரங்களில் குடியேறியவர்களின் பெயர்களை ஊரோடு பொருத்திப் பார்த்தால் பெரும்பாலானவை 20 மைலுக்குள் அடங்கிவிடுகின்றன. லண்டன் மட்டும் விலக்கு. அது எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆளை இழுத்தது.

இதற்கு நேர்மாறான ஒரு வழியும் உண்டு: நிலப்பிரபு தான் வைத்திருக்கும் ஊரின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொள்வது. இவன் ஊரை நீங்கவில்லை. ஊரையே கையில் வைத்திருக்கிறான். இதற்கு வாஷிங்டனைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இங்கிலாந்தின் வடகிழக்கில் டர்ஹாம் பிஷப்பின் ஆட்சிப்பகுதியில் ஹார்ட்பர்ன் என்ற ஊரை வைத்திருந்த வில்லியம் என்பவர் 'வில்லியம் டி ஹார்ட்பர்ன்' என்று வழங்கப்பட்டார். 1183இல் பிஷப் ஹியூ டி புயிசே எடுப்பித்த போல்டன் நிலக் கணக்கில், இவர் ஹார்ட்பர்னை விட்டுக்கொடுத்து அதற்கு மாற்றாக வாஷிங்டனைப் பெற்றிருக்கிறார், ஆண்டுக்கு 4 பவுண்டு செலுத்தவேண்டும், பிஷப்பின் பெருவேட்டைக்கு நான்கு வேட்டைநாய்களோடு வரவேண்டும் என்று பதிவாகியிருக்கிறது. ஊர் மாறியதும் பெயரும் மாறியது. அந்தக் குடும்பம் 'டி வாஷிங்டன்' ஆயிற்று. பரிமாற்றம் நடக்காமல் போயிருந்தால் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவருடைய பெயர் ஜார்ஜ் ஹார்ட்பர்ன் என்று ஆகியிருக்கவும் கூடும். வாஷிங்டன் என்பதிலும் துவைப்பது, கழுவுவது எதுவும் கிடையாது. 'ஹ்வாஸா' என்ற ஆளோடு தொடர்புடைய பண்ணை என்பதே பொருள். இன்னொரு வாஷிங்டன் தெற்கே சசெக்ஸில் இருக்கிறது. அது 'வாஸா' என்ற வேறோர் ஆளின் கூட்டத்தாரால் பெயர்பெற்றது. இன்றைக்கு இரண்டு ஊர்ப்பெயரும் ஒரே எழுத்து. பிறந்த விதம் வேறு.

'டி' என்ற முன்னொட்டைக் கண்டதும் பிரபுக் குடும்பம் என்று முடிவுகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய பிழை. அன்றைய கணக்கர்கள் லத்தீனில் எழுதினார்கள். லத்தீனில் 'இந்த ஊரைச் சேர்ந்த' என்று சொல்ல அந்தச் சிறு சொல் வேண்டும். மாட்டுக்கொட்டில் வேலையாளையும் 'ஜோஹான்னஸ் டி' இன்ன ஊர் என்றுதான் எழுதினார்கள். 14ஆம் நூற்றாண்டில் அது மெல்ல உதிரத் தொடங்கியது. உதிர்ந்த காலமும் பெயர் தலைமுறை தாண்டி நிலைத்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. நிலமுள்ளவர்களிடம் பெயர் முதலில் நிலைத்தது. சாதாரண மக்களிடம் தெற்கில் 1350 வாக்கிலும், வடக்கில் அதற்குப் பிறகு இன்னும் ஐம்பது முதல் நூறு ஆண்டு கழித்தும் நிலைத்தது. இதற்கு முந்திய ஆவணத்தில் தந்தைக்கு ஓர் ஊர்ப்பெயரும் மகனுக்கு வேறொன்றும் இருந்தால் வியக்கவேண்டாம். அவை இன்னும் குடும்பப் பெயர் ஆகவில்லை, வெறும் அடையாளம்தான்.

ஒரே பெயரில் எத்தனை ஊர் இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பப் பெயரின் துப்புத்தரும் மதிப்பு அமையும். சட்டன் என்றால் 'தெற்குப் பண்ணை'. எதற்குத் தெற்கே? பக்கத்தில் இருக்கும் எந்தப் பெரிய ஊருக்கும் தெற்கே. ஆகவே நாடெங்கும் பல சட்டன்கள். சட்டன் என்ற பெயருடைய இரு குடும்பங்கள் உறவினராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. நியூட்டன், நார்ட்டன், வெஸ்டன் எல்லாம் இந்த வகை. அட்டன்பரோ போன்ற பெயர் இதற்கு எதிர் வகை. நாட்டிங்காம்ஷைரில் அந்தப் பெயருக்கு ஓர் ஊர் இருக்கிறது, தேடலும் அங்கேயே தொடங்கும். யார்க்ஷைரின் மேற்குப் பகுதி இத்தகைய பெயர்களுக்குப் புதையல். அங்கே ஊர் என்று சொல்லமுடியாத தனிப் பண்ணைகள்கூடக் குடும்பப் பெயர் தந்திருக்கின்றன. ஆக்ராய்ட் 'ஓக் மரங்களை வெட்டித் திருத்திய நிலம்'. ஈற்றிலுள்ள 'ராய்ட்' அந்த வட்டாரப் பேச்சில் 'காடு வெட்டித் திருத்திய இடம்'. சட்கிளிஃப், பாரக்ளஃப் போன்றவை ஹாலிஃபாக்ஸ் சுற்றுவட்டாரத்தில் பிறந்து பல நூற்றாண்டுகள் அங்கேயே அடர்ந்திருந்தன. பாரக்ளஃப் பிறந்த இடமோ இன்று வரைபடத்தில் இல்லை. பாய்காட் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: மூன்று ஊர்கள், ஆகவே குறைந்தது மூன்று தனித் தோற்றங்களுக்கு இடம் உண்டு.

எழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊரின் பெயரும் அதிலிருந்து வந்த குடும்பத்தின் பெயரும் பிரிந்தபின் தனித்தனி வழியில் போகும். ஊரைவிட்டு வந்தவன் அன்றைய பேச்சு வடிவத்தைக் கையோடு கொண்டுவருகிறான். ஊரோ பிற்காலத்தில் படித்தவர்களின் எழுத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பிரிஸ்டோ என்ற குடும்பப் பெயர் பிரிஸ்டல் நகரத்தின் பழைய உச்சரிப்பு. பாம்ஃப்ரெட் என்பது பான்டிஃப்ராக்ட். டெயின்ட்ரி என்பது டேவென்ட்ரி. ஸ்டாப்ஃபர்ட் என்பது ஸ்டாக்போர்ட். இவர்கள் இன்றைய வரைபடத்தில் தங்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது. 'காட்' ஈற்றுப் பெயர்களில் இது சிறிய அளவில் தெரியும்: பிரெஸ்காட் நகரம் ஆங்கிலத்தில் கடைசி மெய்யை ஒருமுறைதான் எழுதுகிறது, குடும்பப் பெயர் இரட்டித்து எழுதுகிறது. இரட்டித்தல் பிற்காலக் கணக்கர்களின் வழக்கம்; அதில் தனிப் பொருள் ஏதுமில்லை. அழுத்தமில்லாத இரண்டாம் அசையில் உயிர் மங்கி ஒலிப்பதால் அதை ஒருவர் 'காட்' என்பார், ஒருவர் 'கட்' என்பார், இன்னொருவர் 'கேட்' என்று எழுதுவார். எழுதப் படிக்கத் தெரியாத மணமகன் வாயால் சொன்னதைப் பாதிரியார் தன் காதில் விழுந்தபடி எழுதினார். அவ்வளவுதான்.

வடிவம் ஒத்திருப்பதாலேயே ஒரே இனம் என்று கொள்வது அடுத்த பள்ளம். ஸ்காட் என்ற பெயரில் குடில் இல்லை. அது ஸ்காட்லாந்தியன் என்ற சொல். அபாட்டில் இருப்பது மடாதிபதி. ட்ரெஸ்காத்திக் என்ற பெயரை நடுவில் வெட்டிக் 'குடில்' காண்கிறவர்கள் உண்டு. அது ஆங்கிலமே அல்ல. கார்ன்வால் மொழியில் 'ட்ரெ' என்பது பண்ணை. 'டன்' ஈறு பெரும்பாலும் வேலியிட்ட பண்ணை; ஆனால் லண்டனில் உள்ள பிரிக்ஸ்டனில் ஒளிந்திருப்பது 'கல்': பிரிக்ஸி என்பவரின் கல். 'ஹாம்' ஈறு நாட்டிங்காமில் குடியிருப்பு. ட்விக்கெனத்தில் அது ஆற்று வளைவுக்குள் அடங்கிய நிலம். சைட்பாட்டம் என்ற பெயரைக் கேட்டுச் சிரிக்கிற கிரிக்கெட் ரசிகர்கள் ஒன்றை அறிந்தால் நல்லது. வடமேற்கு இங்கிலாந்தில் 'பாட்டம்' என்பது பள்ளத்தாக்கின் அடிநிலம். 'சைட்' இங்கே பக்கமல்ல, 'அகன்ற' என்ற பழஞ்சொல். அகன்ற பள்ளத்தாக்கில் பிறந்த பெயர் அது, மதிப்போடு சொல்லவேண்டிய பெயர்.

இதனால்தான் இன்றைய எழுத்தை வைத்துப் பொருள் சொல்லவே கூடாது. ஊரின் மிகப் பழைய வடிவங்களை ஆண்டு வரிசையில் அடுக்கவேண்டும். ஒரு வடிவம் போதாது. மூன்று நான்கு வேண்டும். ஏனென்றால் டூம்ஸ்டே கணக்கை எழுதியவர்கள் நார்மானியர் காலத்துக் கணக்கர்கள். ஆங்கில ஒலிகள் சில அவர்கள் நாவுக்குப் பழகாதவை. நாட்டிங்காமின் தொடக்கத்தில் 'ஸ்' இருந்தது. 'ஸ்நாட்' என்பவரின் கூட்டத்தார் குடியிருப்பு அது. அந்த 'ஸ்' நார்மானிய வாயில் உதிர்ந்தது. இன்னொன்று: டூம்ஸ்டே கணக்கு டர்ஹாமையும் நார்தம்பர்லாந்தையும் தொடவே இல்லை. அங்கத்திய ஊர்களுக்குப் போல்டன் கணக்கு போன்ற வேறு ஏடுகளைத்தான் நாடவேண்டும். டூம்ஸ்டேயில் இல்லாவிட்டால் ஊரே இல்லை என்று பொருளல்ல. 1923இல் தொடங்கிய ஆங்கில இடப்பெயர்க் கழகம் கவுண்டி கவுண்டியாக இந்த வடிவங்களைத் திரட்டி வெளியிட்டு வருகிறது. சிறு பண்ணை, வயல் பெயர்கள் வரை அதில் கிடைக்கும்.

ஒருவர் தன் குடும்பப் பெயரின் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஊரிலிருந்து தொடங்கக்கூடாது. தன்னிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகவேண்டும். இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1837 ஜூலை 1 முதல் உண்டு. மக்கள்தொகைக் கணக்கு ஆள்பெயரோடு 1841 முதல் கிடைக்கிறது. ஆனால் 1841 கணக்கில் பிறந்த ஊர் இராது, அதே கவுண்டியில் பிறந்தவரா என்பது மட்டும்தான் இருக்கும்; பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்தும் எழுதியிருப்பார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகியிருப்பார். பிறந்த திருச்சபை வட்டம் 1851 கணக்கிலிருந்துதான் தெளிவாக வரும். அதற்கும் பின்னே போகத் திருச்சபைப் பதிவேடுகள்: 1538இல் தாமஸ் குரோம்வெல் இட்ட ஆணையால் தொடங்கியவை. நடைமுறையில் பல ஏடுகள் 1558இல்தான் தொடங்கும். 1598இல் பழைய தாள் ஏடுகளைத் தோல் ஏட்டில் படியெடுக்கச் சொன்னபோது எலிசபெத் அரசி பட்டமேறிய ஆண்டிலிருந்து எடுத்தால் போதும் என்று பலரும் நிறுத்திக்கொண்டார்கள். 1640களிலும் 50களிலும் உள்நாட்டுப் போரால் பெரிய இடைவெளி விழுந்திருக்கும்.

நாள்கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. பதிவேட்டில் '1720 பிப்ரவரி' என்றிருந்தால் நம் கணக்கில் அது 1721. இதைக் கவனிக்காதவர்களின் குடும்ப மரத்தில் திருமணம் 1720 ஜூனிலும், குழந்தையின் ஞானஸ்நானம் அதற்கு நான்கு மாதம் முந்தியும் நடந்ததாக வரும். பிறகு தேவையில்லாமல் இரண்டாவது தம்பதியைத் தேடிப் போவார்கள்.

1538க்கு முன் வரி ஏடுகளும் மேனர் (நிலப்பிரபுவின் பண்ணை) நீதிமன்றச் சுருள்களும்தான் துணை. 1327, 1332 ஆண்டுகளின் அசையும்பொருள் வரி ஏடுகளில் ஆள்பெயர்கள் உண்டு. ஆனால் வரிக்குத் தகுந்த சொத்தில்லாத ஏழைகள் அதில் இல்லை. 1334 முதல் ஊருக்கு இத்தனை என்று மொத்தமாக வைத்துவிட்டதால் பெயர்களே மறைந்துவிடுகின்றன. அடுத்துத் தலைவரி. 1377இல் 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைக்கு 4 பென்ஸ், 1379இல் நிலைக்கு ஏற்ற அளவு, 1381இல் 15 வயதுக்கு மேல் 12 பென்ஸ். மூன்றாவது வரி குடியானவர் கிளர்ச்சியில் முடிந்தது என்பது வரலாறு. பெயராய்வாளர் கவனிக்கவேண்டியது வேறு: வரிக்குப் பயந்து ஏராளமானோர் ஒளிந்துகொண்டார்கள், 1381 ஏட்டில் ஒரு பெயர் இல்லை என்பதை வைத்து அந்தக் குடும்பம் அங்கே இல்லை என்று சொல்லக்கூடாது.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு பாலம் உண்டு: 1881 மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு பெயர்ப் பரவல் வரைபடம் போட்டுப் பார்ப்பது. இடம்பெயர்வு மிகுந்த பின்னும் அரிய பெயர்கள் அந்த ஆண்டிலும் தம் பிறப்பிடத்தைச் சுற்றியே திரண்டிருந்தன. செய்யவேண்டியது எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், மாவட்ட மக்கள்தொகையில் எத்தனைக்கு ஒருவர் என்று வகுத்துப் பார்ப்பது. வகுக்காவிட்டால் எந்தப் பெயரை எடுத்தாலும் லண்டனும் லங்காஷைரும் கறுத்துத் தெரியும். அங்கே ஆள் அதிகம் என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. திரள் தெரிந்த பின் அதைச் சுற்றி இருபது மைல் வட்டத்தில் அந்தப் பெயருள்ள ஊர், பண்ணை, அழிந்த ஊர் மூன்றையும் தேடவேண்டும். அழிந்த ஊர்களை மறந்துவிடவே கூடாது; இங்கிலாந்தில் கைவிடப்பட்ட இடைக்கால ஊர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல்.

பெயர் ஒன்றாக இருப்பதால் குருதி ஒன்று என்று ஆகிவிடாது. தத்து, தாய்வழிப் பெயர், சொத்துக்காகப் பெயர் மாற்றிக்கொள்ளல் எல்லாம் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டுக் கணக்கில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருடையவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தார். அடிமைத்தளை நீங்கியபோது அவர்களின் முன்னோர் பலர் தாங்களே தேர்ந்துகொண்ட பெயர் அது. டர்ஹாம் ஊரில் அவர்கள் வேரைத் தேடுவது பொருந்தாது. ஆனால் பெயர் அவர்களுடையதுதான், முழு உரிமையோடு.

குடும்பப் பெயருக்கு உரிய 'குலச் சின்னம்' என்று கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து விற்கிறார்களே, அதைப் பத்தியில் பரிந்துரைத்திருந்தது வருத்தம் தந்தது. இங்கிலாந்தில் கேடயச் சின்னம் ஒரு பெயருக்கு வழங்கப்படுவதில்லை. ஒரு மனிதருக்கும் அவருடைய நேர் வழித்தோன்றல்களுக்கும் வழங்கப்படுகிறது. கேடயச் சின்னங்களை வழங்கும், 1484இல் அமைந்த 'காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்' அமைப்பின் நிலைப்பாடு அதுதான். பாய்காட் என்ற பெயருள்ள எல்லோருக்கும் பொதுவான சின்னம் என்று ஒன்று இருக்க வழியில்லை.

கடைசியாக, 'ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பம்' என்ற விளக்கம். காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிட்டது அது. குடும்பப் பெயர் பல நூற்றாண்டு பழையது, வினைச்சொல்லாகியது 1880இல். அயர்லாந்தின் மாயோ கவுண்டியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். விளைச்சல் பொய்த்த நிலையில் குத்தகைதாரர்கள் 25 விழுக்காடு குறைப்புக் கேட்டார்கள். பிரபு 10 விழுக்காட்டுக்கு மேல் இறங்கவில்லை. வெளியேற்ற ஆணைகள் வந்தன. வேலையாட்கள் வயலைவிட்டு நின்றார்கள், கடைக்காரர்கள் பொருள் தர மறுத்தார்கள். அறுவடைக்கு வெளியிலிருந்து ஐம்பது பேரைப் படைக்காவலோடு கொண்டுவந்தார்கள். சுமார் 500 பவுண்டு பெறுமான விளைச்சலை எடுக்க 10,000 பவுண்டு செலவானதாக அன்றே கணக்கிட்டார்கள். அந்த இலையுதிர் காலம் முடிவதற்குள் அவர் பெயர் செய்தித்தாள்களில் வினைச்சொல் ஆகிவிட்டது.

பெயராய்வில் இதைவிடச் சுவையான பகுதி அவருடைய ஞானஸ்நானப் பதிவில் இருக்கிறது. 1832இல் நார்ஃபோக்கின் பர்க் செயின்ட் பீட்டர் ஊர்ப் பாதிரியாருக்குப் பிறந்த அவர் பெயர் அதில் 'பாய்கேட்' என்றுதான் இருக்கிறது. குடும்பம் எழுத்தைப் 'பாய்காட்' என்று மாற்றிக்கொண்டது 1841இல். அவர்கள் 1685இல் பிரான்சிலிருந்து தப்பி வந்த ஹியூகனாட் புராட்டஸ்டன்ட்டுகளின் வழி என்பது குடும்ப வரலாறு. அது சரியென்றால், உலகம் முழுவதும் இந்தப் பெயரைப் பரப்பிய மனிதருக்குப் போயாவின் குடிலோடு தொடர்பே இல்லை. பக்கிங்காம்ஷைரோ ஷ்ராப்ஷைரோ வூஸ்டர்ஷைரோ அவர் பெயருக்கு ஊர் அல்ல. பழகிய ஆங்கிலப் பெயரின் எழுத்துக்குள் வேறொரு பெயர் வந்து அமர்ந்துகொண்டது. தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போகவேண்டும் என்று மேலே வற்புறுத்தியது இதற்காகத்தான். ஊரிலிருந்து தொடங்கியிருந்தால் கேப்டனைத் தயங்காமல் ஏதேனும் ஒரு பாய்காட்டின் பிள்ளையாக்கியிருப்போம்.

ஆகவே அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இனி ஊர்வழிப் பெயர்களை எடுக்கும்போது, பொருளுக்கு முன்னால் ஊரின் மிகப் பழைய எழுத்து வடிவம், அது கிடைக்கும் ஆண்டு, அந்தப் பெயரில் எத்தனை ஊர் உண்டு என்ற மூன்றையும் ஒரு வரியில் சேர்த்தால் நன்றாக இருக்கும். பாய்காட்டுக்கு அந்த வரி இது: 'பாய்கோட்டெ', 1086, மூன்று ஊர். வரும் வாரம் 'ஸ்காட்' என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதில் குடிசை தேடவேண்டாம்.

இங்ஙனம்,
இடப்பெயராய்வில் ஈடுபட்டுள்ள வாசகர்